கண்ணாடி முனை

முடி வெட்டும் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் யாரோ சொன்னது பூவராகனின் காதில் விழுந்தது.

“மலை மேல ஒரு டாக்டரம்மா இருக்கு. மூட்டு வலின்னு போனா காஞ்சொறி இலையை எடுத்துத் தடவி விடுது. ஐயோ அம்மான்னு கத்திட்டு வர்றவன், அடுத்த வாரம் மறுபடியும் போய் நிக்கிறான்.”

பூவராகன் கண்ணைத் திறந்தார். பேசியவர் எழுந்து போயிருந்தார். காலி நாற்காலி மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

பூவராகன் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். காஞ்சொறி பட்டால் ஏன் எரிகிறது என்று ஆண்டுதோறும் வகுப்பில் கேட்பார். பார்மிக் அமிலம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். எறும்பு கடித்த இடத்தில் எரிகிறதே, அதே அமிலம். அதற்கு என்ன செய்வது? சுண்ணாம்பு தடவ வேண்டும். அமிலத்தைக் காரம் அடக்கும்.

அமிலம் பட்டு மூட்டு வலி எப்படிப் போகும்? அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் மலையேறிவிட்டார்.

அரியநாயகி சித்த மருத்துவம் படித்தவர். பூவராகனின் வயதுதான் இருக்கும். கேரட் வயல்களுக்கு மேலே, தகரக் கூரை போட்ட வீட்டில் வைத்தியம் பார்த்து வந்தார். வீட்டுக்குப் பின்னால் காஞ்சொறி ஆள் உயரத்துக்கு நின்றது.

“அம்மா, இது ஏன் எரியுது?” என்று பூவராகன் கேட்டார். வணக்கம் சொல்வதற்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

“என்ன வேலை பார்த்தீங்க?”

“கெமிஸ்ட்ரி வாத்தியார்.”

“அப்ப உங்களுக்கே தெரியுமே.”

“தெரியும். பார்மிக் அமிலம்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கறீங்க, வாத்தியாரே?”

அரியநாயகி ஒரு இடுக்கியையும் கூடையையும் எடுத்துக் கொடுத்தார்.

“மத்தியானத்துக்குக் கீரை வேணும். கொழுந்தாப் பார்த்துப் பறிச்சிட்டு வாங்க. கையில பட்டா தேய்க்காதீங்க.”

அப்படித்தான் அவர் சீடரானார்.

*

மழைக்காலம் முழுக்க அவர் அந்தச் செடியோடு இருந்தார். அரியநாயகி பாடம் நடத்துவதில்லை. வேலை கொடுப்பார். பூவராகன் வேலையை முடித்துவிட்டு ஓடி வந்து கேட்பார்.

“அம்மா, கொதி வந்ததும் எரிச்சல் போயிடுச்சு. வெறும் வாயில போட்டு மென்னேன். முருங்கைக்கீரை மாதிரி இருக்கு.”

“சரி.”

“வெயில்ல காயப்போட்டதும் அப்படித்தான். அள்ளி அள்ளிப் பார்த்தேன். ஒண்ணுமே செய்யலை.”

“சரி. அப்புறம்?”

இந்த ‘அப்புறம்’ அவரைத் தூங்கவிடாது. மறுநாள் வேறொன்றோடு வருவார்.

வெந்த கீரையைச் சோகை பிடித்த பெண்களுக்குக் கொடுப்பார் அரியநாயகி. அதில் இரும்புச் சத்து நிறைய. காய்ந்த இலையைக் கொதிக்க வைத்த நீர், கால் வீங்கியவர்களுக்குச் சிறுநீரைப் பிரித்துவிடும். முதுமையில் சிறுநீர் தடைப்படும் ஆண்களுக்கு வேரைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். ஆனால் அது எவ்வளவு தூரம் உண்மை என்று தனக்கு இன்னும் நிச்சயமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். பச்சை இலையை, எரிகிற இலையை, ஒரே ஒரு காரியத்துக்குத்தான் எடுப்பார். கட்டைவிரல் அடியிலோ முழங்காலிலோ விடாமல் குடைகிற வலிக்கு.

அவருடைய அலமாரியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில், காஞ்சொறி இலை மேல் முடிபோல் நிற்கிற சுணையைப் பெரிதாக்கி எடுத்த படம் இருந்தது. பூவராகன் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடக்கூட வரவில்லை.

“அம்மா, இது முடியில்லை. கண்ணாடிக் குழாய். நுனியில சிலிக்கா. மணல்ல இருக்குமே, அதே சிலிக்கா. உச்சியில ஒரு சின்னக் குமிழ். தொட்டா குமிழ் உடையுது. உடைஞ்ச இடம் சாய்வா நிக்குது, ஊசி போடற ஊசி மாதிரியே. அடியில ஒரு பை. ஊசி தோல்ல இறங்கினதும் பையில இருக்கறது உள்ள போகுது. இதை யார் அம்மா செஞ்சது?”

“சோறு ஆறுது, வாத்தியாரே.”

பைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. பூவராகன் படித்தார். ஆனாலும் பட்டியலில் பார்மிக் அமிலம் என்ற பெயரைக் கண்டதும் பழைய நண்பரைப் பார்த்ததுபோல அதிலேயே நின்றுவிட்டார். மற்ற பெயர்கள் கூட்டத்தில் நிற்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை உதுமான் வந்தார்.

*

உதுமான், மலையடிவாரத்துப் பஸ் நிலையத்தில் பரோட்டா மாஸ்டர். ஊர் தென்காசிப் பக்கம். உள்ளே வந்ததும் வலது கையை இடது கையால் தாங்கியபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கட்டைவிரல், டாக்டரம்மா. மாவை வீசுறப்ப உயிர் போகுது.”

“எத்தனை நாளா?”

“ரொம்ப நாளா. மறைச்சு மறைச்சு வச்சிருந்தேன். போன வாரம் மாவு கைய விட்டுப் பறந்து கஸ்டமர் தலையில விழுந்துட்டு. அவர் நல்ல மனுசன், சிரிச்சிட்டார். முதலாளி சிரிக்கல.”

“என்ன சொன்னார்?”

“அவருக்கு ஒரு மருமகன் இருக்கான். அவனைப் பரோட்டாக் கல்லுல நிக்க வச்சிட்டார். என்னை வெங்காயம் நறுக்கச் சொல்லிட்டார். வார சந்தைக்குக் கூட்டம் எக்கச்சக்கமா வரும். வர்ற சந்தையன்னிக்கு ரெண்டு பேரும் வீசணும். யார் கை ஓடுதோ அவனுக்குக் கல்லு. இன்னொருத்தன் வெங்காயத்தோட இருக்க வேண்டியதுதான்.” உதுமான் தன் விரலைப் பார்த்தார். “எனக்கு வேற தொழில் தெரியாதும்மா. சின்னப் பிள்ளையில இருந்தே கல்லுதான்.”

அரியநாயகி அவரிடம் சிலவற்றைக் கேட்டார். தேனீ கொட்டி எப்போதாவது மூச்சு அடைத்ததுண்டா? எதைத் தின்றாலாவது உடம்பு தடிக்குமா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உதுமான் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்.

அரியநாயகி திரும்பினார். “வாத்தியாரே, இன்னிக்கு பாயை நீங்க பாருங்க. நான் அடுப்புல கீரை வச்சிருக்கேன்.”

பூவராகனுக்குக் காதெல்லாம் சூடானது. உதுமான்தான் அவருடைய முதல் நோயாளி.

கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கிளையை வெட்டி வந்தார். உதுமானுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“மாஸ்டர், பயப்படாதீங்க. இது என்ன தெரியுமா? ஒவ்வொரு சுணையும் ஒரு கண்ணாடி ஊசி.”

“நான் கொதிக்கிற கல்லுல கையை வைக்கிறவன் சார். ஊசிக்கா பயப்படுவேன்.”

“அதுக்குள்ள பார்மிக் அமிலம் இருக்கு. அது மட்டுமில்ல, அசிடைல்கோலின்…”

“அது யாரு சார்?”

“அது ஒரு… அதை அப்புறம் சொல்றேன். கையை விரிங்க.”

உதுமான் உள்ளங்கையை விரித்தார். பூவராகன் கட்டைவிரலுக்குக் கீழிருந்த மேட்டில் இலையை வைத்து அழுத்தினார். காத்திருந்தார்.

“எரியுதா?”

“இல்லையே சார்.”

இன்னும் அழுத்தினார். “இப்ப?”

“எறும்பு நடந்த மாதிரிகூட இல்ல. வேற இலை இருக்கா?”

பூவராகன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அந்த உள்ளங்கையைப் பார்த்தார். மாவும் எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து அந்தத் தோலைச் செருப்புத் தோலாக்கியிருந்தன. மேலே எண்ணெய் மின்னியது. நன்றாகக் கழுவிய கைதான் அது. ஆனாலும் எண்ணெய் மின்னியது.

சீயக்காய்ப் பொடி போட்டுக் கழுவச் சொன்னார். உதுமான் கழுவிவிட்டு வந்தார். பூவராகன் மறுபடியும் அழுத்தினார். ஒன்றும் இல்லை. இலையைத் திருப்பும்போது கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே அவருடைய மணிக்கட்டில் இலையின் ஓரம் உரசிப் போனது. உரசியது தெரியக்கூட இல்லை. அடுத்த நொடி அங்கே நெருப்பு வைத்ததுபோல எரிந்தது.

பூவராகன் எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

“அம்மா, அழுத்தினா எரியாது. அழுத்தினா சுணை படுத்துக்குது. குமிழ் உடையறதில்ல. பட்டும் படாம உரசினாத்தான் உடையுது. இறகால தடவற மாதிரி. நான் இத்தனை நேரமா அழுத்திக்கிட்டே இருந்தேன்.”

அரியநாயகி இடுக்கியால் கீரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“அப்புறம்?”

“அப்புறமா? இதோ.”

*

திரும்பி வந்த பூவராகன், உள்ளங்கை பயனில்லை என்று உதுமானின் கையைத் திருப்பினார். மணிக்கட்டின் உட்புறம் தோல் மெல்லியதாக இருந்தது. அங்கே இலையால் மெல்லத் தடவினார்.

உதுமான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்.

“யா ரப்பே. என்ன சார் இது.”

“எரியுதா?”

“எரியுதாவா? கல்லே தேவலாம் சார்.”

“நல்லது. நல்லது.” பூவராகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளை வெள்ளையாகத் தடிப்புகள் எழும்புவதைப் பார்த்தார். ஆனால் உதுமானின் கண்ணில் தண்ணீர் வந்ததும் பள்ளிக்கூடத்து வாத்தியார் விழித்துக்கொண்டார். மாடத்தில் சுண்ணாம்பு டப்பி இருந்தது. விரல் நிறைய எடுத்து அழுத்தித் தேய்த்தார்.

“அமிலம் மாஸ்டர். சுண்ணாம்பு பட்டதும் அடங்கிடும் பாருங்க.”

உதுமான் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

“சார், அடங்கல. ஏறுது.”

“கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கிறேன் சார். ஆனா ஏறுது. நீங்க நெருப்பை அணைக்கிறீங்களா, எண்ணெய் ஊத்துறீங்களா?”

பூவராகன் கை நின்றது. வேறொருவராயிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். பூவராகன் உதுமானின் மணிக்கட்டையே விழித்துப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டார். தன் இடது முன்கையை நீட்டி, காஞ்சொறியால் மூன்று இடங்களில் தடவிக்கொண்டார்.

“சார், உங்களுக்கு என்ன சார் வலி?” என்றார் உதுமான்.

முதல் இடத்தில் சுண்ணாம்பு வைத்தார். இரண்டாவது இடத்தில் புளித் தண்ணீர் விட்டார். மூன்றாவதை அப்படியே விட்டார். அமிலம் என்றால் சுண்ணாம்பு வைத்தது அடங்க வேண்டும், புளி விட்டது ஏற வேண்டும். பூவராகன் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். கையை ஆட்டினார், ஊதினார், மூன்று இடங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

உதுமான் தன் மணிக்கட்டைக் குழாயில் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரும் பூவராகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எது சார் ஜெயிக்குது?”

“சுண்ணாம்பு தோக்குது, மாஸ்டர்.”

அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் முகம், பரிசு வாங்கிய பையனின் முகம்.

*

“அமிலம் இல்லை, அம்மா.”

அரியநாயகி இடுக்கியைக் கீழே வைத்தார்.

“சுண்ணாம்பு வச்சதுதான் மோசம். புளி விட்டதுக்கும் சும்மா விட்டதுக்கும் வித்தியாசமே இல்லை. அமிலம் இருக்குது, ஆனா எரிக்கிற அளவுக்கு இல்லை. மாஸ்டர் கையில நான் தேய்க்கிறப்ப உடைஞ்ச ஊசியெல்லாம் இன்னும் உள்ள போயிருக்கு. சுண்ணாம்பு வேற தன் பங்குக்குப் பொசுக்கியிருக்கு. இத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே அம்மா, அத்தனையும் தப்பு.”

“காட்டுங்க.”

அவர் அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு இடமாகத் தொடாமல் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தன் கையை நீட்டினார்.

“எனக்கும் வைங்க.”

“அம்மா?”

“தேய்க்கக்கூடாதுன்னு தெரியும். காய விட்டு, பிளாஸ்திரி ஒட்டி உரிச்சா ஊசி வந்துடும்னு தெரியும். ஆனா இப்படிப் பக்கத்துப் பக்கத்துல வச்சு நான் பார்த்ததே இல்லை. வைங்க, வைங்க.”

இருவரும் அடுப்படியில் நின்றார்கள். அவர் கையில் மூன்று தடிப்பு, இவர் கையில் மூன்று தடிப்பு. கீரை கொதித்து மூடியைத் தட்டியது. யாரும் கவனிக்கவில்லை.

“அப்ப மத்தவங்கதான்,” என்றார் பூவராகன். “கூட்டத்துல நின்ன ஆளுங்க. ஹிஸ்டமின். கொசு கடிச்சா நம்ம உடம்பே எடுத்து ஊத்துதே, அது. வீங்க வைக்கிறது அதுதான். அப்புறம் அசிடைல்கோலின். நரம்பு, தசைகிட்ட அசைன்னு சொல்றதுக்கு அனுப்புற ஆள். அப்புறம் செரோட்டோனின். அதுவும் நமக்குள்ள ஓடுறதுதான். அம்மா, அந்தப் பைக்குள்ள இருக்கறது எல்லாம் நம்ம உடம்புல இருக்கற சரக்கு.”

“ஆமா.”

“செடிக்கு நரம்பு ஏது? மூளை ஏது? ஒரு இடத்துல வேர்விட்டு நிக்குது. நம்ம நரம்பு எந்தப் பேச்சுல பேசும்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சது?”

அரியநாயகி வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

“தெரியாது, வாத்தியாரே. நிஜமாவே தெரியாது.”

“யாருக்காவது தெரியுமா?”

“விலங்கு மேயாம இருக்கறதுக்குன்னு சொல்வாங்க. அது எதுக்குன்னு சொல்லுது. எப்படின்னு சொல்லலை.”

“பாருங்களேன்…”

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. “டாக்டரம்மா, மத்தியான பஸ் போயிருக்குமா?”

இருவரும் திரும்பினார்கள்.

அரியநாயகி அடுப்பை அணைத்தார். கையைக் கழுவவில்லை. கதவு வழியாகத் தெரிந்த பெஞ்சையும், அதில் தன் வலது கையை இடது கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்த மனிதரையும் பார்த்தார்.

“அந்தச் செடி, தொட்டவங்க பேச்சுலதான் பேசுது,” என்றார். “நீங்க இன்னிக்குக் காலையில இருந்து பாய்கிட்ட யார் பேச்சுல பேசினீங்க?”

“என் பேச்சுலதான்,” என்றார் பூவராகன்.

“நானும்தான்,” என்றார் அரியநாயகி.

*

பூவராகன் வராந்தாவுக்குப் போனார். கையுறையை எடுக்கவில்லை, கிளையை எடுக்கவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். அதை உதுமானிடம் நீட்டினார்.

“மாஸ்டர், இது மாவு. வீசுங்க.”

உதுமான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “துண்டையா?”

“எனக்குப் பரோட்டா வீசத் தெரியாது. எப்படி வீசுவீங்கன்னு பார்க்கணும்.”

உதுமான் சிரித்துக்கொண்டே எழுந்தார். துண்டின் ஓரத்தை இரண்டு கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவே பிடித்தார். பிடித்ததும் அவர் ஆளே மாறிவிட்டார். தோள் இறங்கியது, கால் அகன்றது. துண்டு பெஞ்சில் விழுந்து எழுந்து காற்றில் சுழன்றது. ஈரம் பூவராகனின் முகத்தில் தெறித்தது.

“மாவு துண்டைவிட லேசு சார். ஆனா ஒட்டும். கைக்கு ஒட்டாம, கல்லுக்கு ஒட்டணும். அதுக்குத்தான் எண்ணெய்.”

“இன்னும் வீசுங்க.”

வீசினார். பூவராகன் துண்டைப் பார்க்கவில்லை. மணிக்கட்டு திரும்புகிற இடத்தைப் பார்த்தார். மேலே போகும்போது ஒன்றுமில்லை. கீழே இறங்கி, கை திரும்பி, மாவை இழுத்து விடுகிற அந்த ஒரு கணத்தில் உதுமானின் இடது கண் சுருங்கியது. உதடு சிரித்துக்கொண்டே இருந்தது.

“நிறுத்துங்க. அப்படியே நில்லுங்க. கையைத் திருப்பாதீங்க.”

உதுமான் சிலைபோல நின்றார். பூவராகன் கிட்டப் போய், கட்டைவிரலின் அடியில், புறங்கைப் பக்கமாக, எலும்பும் எலும்பும் சேருகிற குழியில் தன் விரலை வைத்தார்.

“இங்கயா?”

உதுமான் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

உள்ளங்கையில் இல்லை. மணிக்கட்டின் உட்புறத்திலும் இல்லை. காலையிலிருந்து பூவராகன் தொடாத இடம்.

“இங்க யாரும் கை வச்சதில்ல சார்,” என்றார் உதுமான். “எல்லாரும் எங்கன்னு கேப்பாங்க. கட்டைவிரல்னு சொல்வேன். கட்டைவிரலுக்குத் தைலம் போடுவாங்க.”

பூவராகன் ஒரே ஒரு இலையை இடுக்கியில் எடுத்தார். “எரியும்.”

“தெரியும்.”

“நல்லா எரியும். கொஞ்ச நேரத்துல சூடாகும். அப்புறம் குறுகுறுன்னு இருக்கும். தேய்க்கக்கூடாது. சுண்ணாம்பு கிடையாது.”

“அப்பாடா,” என்றார் உதுமான்.

இலை அந்தக் குழியின் மேல் பட்டும் படாமல் போனது. உதுமான் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு எதையோ ஓதியது. தடிப்புகள் எழும்பின. சுற்றிலும் தோல் சிவந்தது. பூவராகன் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த முறை ஊசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தென்காசியில் எந்தத் தெரு என்று கேட்டார். முதன்முதலில் கல்லில் நிற்கவிட்டது யார் என்று கேட்டார். உதுமான் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார்.

“சார், சூடு உள்ள இறங்குது.”

“ம்.”

“வெந்நி ஒத்தடம் மேலதான் இருக்கும். இது உள்ள.” கட்டைவிரலை மெல்ல மடக்கினார். நீட்டினார். துண்டை எடுத்து ஒரே ஒரு தரம் வீசினார். இடது கண் சுருங்கியது. ஆனால் முன்பு போல இல்லை.

அரியநாயகி கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கே போயிடாது, பாய்,” என்றார். “சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேக்கறவங்களுக்கும் ஒரு வாரமாவது தினமும் வைக்கணும்.”

உதுமானின் முகம் விழுந்தது.

“தினமுமா? இன்னிக்கே மாமியாருக்கு முடியலைன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கும் வரலைன்னா சந்தை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, அவனுக்கே கல்லைக் கொடுத்துடுவாங்க.”

“இலையைக் கொண்டு போங்களேன்,” என்றார் பூவராகன். சொல்லும்போதே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல. வாடினா எரியாது. சாயங்காலத்துக்குள்ள சாதாரண இலையாயிடும்.”

“அப்படியே எரிஞ்சாலும் யாரு சார் வைப்பா? இடத்தைக் கண்டுபிடிக்கவே உங்களுக்கு அரை நாள் ஆச்சு.”

அதில் குத்தல் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். வலது கையைத் தாங்க இடது கை தானாக வந்தது. பிறகு அது தேவையில்லை என்பது தெரிந்து தொங்கியது.

“இருக்கட்டும்மா. ஒரு நாளாவது நல்லாயிருந்துச்சு.”

கீழே வளைவில் பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. மேலே போய்த் திரும்பி வர அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

பூவராகன் அரியநாயகியைப் பார்த்தார்.

“அம்மா, இவரால வர முடியாதாம். என்ன செய்யறது?”

அரியநாயகி வீட்டுக்குப் பின்னால் காற்றில் ஆடிக்கொண்டிருந்த காஞ்சொறியைப் பார்த்தார்.

“செடிக்குக் கால் இல்லை, வாத்தியாரே.”

பூவராகன் ஒரு காலி எண்ணெய் டின்னைத் தேடி எடுத்தார்.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஒரு இளஞ்செடியை வேர்மண்ணோடு பெயர்த்து, அந்த டின்னில் வைத்து, தண்ணீர் தெளித்தார். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். பஸ் திரும்பி வந்து நின்றதும், டின்னை மடியில் வைத்துக்கொண்டு, உதுமானுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார்.